பழைய 10 டன் கிரேனா, புதிய 5 டன் கிரேனா?

திருச்சி துவாக்குடிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரம் மட்டும்:

15 மீட்டர் அகலம், 36 மீட்டர் நீளத்தில் பி.இ.பி. ஷெட் (தொழிற்சாலையில் செய்த இரும்புச் சட்டங்களைக் கொண்டுவந்து பூட்டியது). 6 மீட்டருக்கு ஒரு தூண். ஓரத்து உயரம் 7.5 மீட்டர். கட்டும்போது கிரேன் யோசனையே இல்லை. வேலை செய்பவர்கள் 22 பேர். பாய்லர் டக்ட், ஸ்ட்ரக்சர் என்று ஆர்டர் கூடிவிட்டதால் இப்போது ஹைட்ராவை (சக்கரத்தில் ஓடும் கிரேன் வண்டி) வாடகைக்கு எடுத்து ஷெட்டுக்குள் ஓட்டுகிறார்கள். வழக்கமான ஜாப் 3 முதல் 4 டன். வருடத்துக்கு ஏழெட்டு முறை 6.5 டன் ஜாப் வரும். ஒரு ஷிஃப்டில் சுமார் 40 தடவை தூக்கி இறக்க வேண்டும். அடுத்த வருடம் இரண்டாவது ஷிஃப்ட் ஓட்டும் எண்ணமும் உண்டு.

கையில் இரண்டு விலைப்புள்ளிகள். ஒன்று புதிய 5 டன் சிங்கிள் கர்டர் கிரேன் (குறுக்கே ஒரே உத்தரம்), எம்3 வகை (எவ்வளவு ஓட்டலாம் என்பதைச் சொல்லும் தரம்). “25 சதவீதம் கூடவே டெஸ்ட் பண்ணித் தருவோம், எப்போதாவது 6.5 டன் தூக்கலாம்” என்கிறார் விற்பவர். மற்றொன்று, மூடிவிட்ட சர்க்கரை ஆலை ஒன்றில் நிற்கும் 10 டன் டபுள் கர்டர் (இரட்டை உத்தர) கிரேன். மச்சான் வழியாக வந்த பேரம், பாதி விலை. ஸ்பான், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம், 16.5 மீட்டர்; வெட்டிக் குறைத்துத் தருவார்களாம். ஷெட் போட்டவரோ, “இருக்கிற தூணிலேயே பிராக்கெட் வெல்டு பண்ணிக்கலாம்” என்கிறார். பெரிய கிரேன்தானே பாதுகாப்பு, எதை எடுக்கட்டும், சட்டப்படி என்னென்ன செய்ய வேண்டும், கூடமாட வேலை பார்க்கும் பையனிடமே பெண்டன்ட்டை (கிரேனை இயக்கும் தொங்கு பட்டன் பெட்டி) கொடுக்கலாமா என்பவை கேள்விகள்.

வணக்கம். ஜாப் எடை, ஒரு நாளைக்கு எத்தனை லிஃப்ட், ஷெட் அளவு என்று தேவையான எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். பலர் “எனக்கு ஒரு 5 டன் கிரேன் வேண்டும்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்களிடம் வந்த இரண்டுமே உங்கள் ஷெட்டுக்கு ஒத்துவராது. நீங்கள் கேட்க வேண்டியது 7.5 டன், சிங்கிள் கர்டர், எம்5 வகை கிரேன். அதையும் ஷெட் தூணில் மாட்டாமல் தனித் தூண்களில் நிறுத்த வேண்டும்.

பெரிய கிரேன் என்றால் பாதுகாப்பு என்பது கொக்கிக்குக் கீழே பார்க்கும்போது சரிபோலத்தான் தெரியும். தண்டவாளத்துக்குக் கீழே பாருங்கள். கிரேன் தூக்கும் எடையோடு கிரேனின் சொந்த எடையும் சக்கரம் வழியாகத் தூணுக்குத்தான் இறங்குகிறது. சுமை ஷெட்டின் ஓரத்துக்கு வரும்போது ஏறக்குறைய முழுவதையும் ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களே தாங்க வேண்டியிருக்கும்.

கணக்கு சுலபம். கொக்கியில் உள்ள எடையையும், அதைச் சுமந்து குறுக்கே ஓடும் ட்ராலியின் எடையையும் கூட்டுங்கள். கொக்கி தண்டவாளத்தை எவ்வளவு நெருங்கும் என்பதைப் பொறுத்து, அதில் 92 முதல் 94 சதவீதம் ஒரு பக்கம் போகும். பாலத்தின் (குறுக்கே நிற்கும் கர்டர் பகுதி) எடையில் பாதியை அதோடு சேர்த்து இரண்டால் வகுத்தால் ஒரு சக்கரத்தின் சுமை. தனித் தூண்களுக்கு இடையே கிடைக்கும் 13.5 மீட்டர் ஸ்பானுக்கு 7.5 டன் சிங்கிள் கர்டர் கிரேனில் பாலம் சுமார் 4.2 டன், ட்ராலியோடு சேர்ந்த ஹாய்ஸ்ட் (தூக்கும் இயந்திரம்) 0.7 டன் என்று வைத்தால், சக்கரத்துக்கு 4.9 டன் வருகிறது. ஆலைக் கிரேனின் மொத்த எடை 12 டன், அதில் ட்ராலி மட்டும் 3.5 டன் என்று எழுதியிருக்கிறீர்கள். 3 மீட்டரை வெட்டியபின் ஒரு டன் குறைந்தாலும் அதன் சக்கரச் சுமை 8 டன்னைத் தாண்டுகிறது.

இது கிரேன் அசையாமல் நிற்கும்போது. மின்சார கிரேனுக்கு அதிர்ச்சிக்காக இதில் 25 சதவீதம் கூட்டவேண்டும் என்கிறது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி. கூட்டினால் 6.1 டன் ஒன்று, 10.2 டன் ஒன்று. ஒரு சக்கரம் தூணுக்கு நேராகவும் இன்னொன்று 2 மீட்டர் தள்ளியும் நிற்கும்போது அந்தத் தூணுக்கு வருவது, 7.5 டன் கிரேனில் சுமார் 10 டன். பழைய கிரேனில் சுமார் 17 டன். காண்ட்ரி கர்டரின் (தண்டவாளத்தைத் தாங்கும் உத்தரம்) சொந்த எடை இதில் சேரவில்லை.

இந்த 17 டன்னைத்தான் பிராக்கெட்டில் வைக்கலாம் என்கிறார் ஷெட்காரர். பிராக்கெட் தூணின் நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிற்கும் என்றால், தூணை வளைக்கும் விசை எட்டரை டன்-மீட்டர். கூரை, காற்று இரண்டுக்கு மட்டும் கணக்குப் போட்ட தூணுக்கு இது புதுச் சுமை. ட்ராலி பிரேக் பிடிக்கும்போது பக்கவாட்டில் ஒரு தள்ளலும் உண்டு. சுமையும் ட்ராலியும் சேர்ந்த எடையில் 10 சதவீதத்தை அதற்காக எடுப்பார்கள். ஷெட் தூணின் அடியில் நான்கே போல்ட்டுகள் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அப்படிப்பட்ட அடித்தட்டை வளைவு விசை வராது என்று வைத்துத்தான் பெரும்பாலும் டிசைன் செய்திருப்பார்கள். வெல்டு நன்றாகவே நிற்கலாம். தூணும் அஸ்திவாரமும் நிற்குமா என்பதுதான் கேள்வி. ஷெட்காரர் “தாங்கும்” என்று சொன்னால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்திட்ட கணக்கைக் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

அதனால்தான் தனித் தூண் என்கிறேன். ஷெட் தூண்களை ஒட்டி உள்பக்கம், பக்கத்துக்கு ஏழு வீதம் 14 தூண்கள், தனி அஸ்திவாரம். தரையை உடைக்க வேண்டும், 15 மீட்டர் அகலத்தில் ஸ்பான் 13.5 மீட்டராகச் சுருங்கும். செலவும் கூடும். ஆனால் கிரேனின் ஆட்டம் கூரைக்குப் போகாது, மழை நாளில் ஷீட் மூட்டுகள் ஒழுகாது. ஷெட்டின் மூல டிசைனை யாரும் தொட்டதாகவும் ஆகாது. காண்ட்ரி கர்டரின் தொய்வு நீளத்தில் 750இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 800 சொல்லும் வரம்பு. 6 மீட்டருக்கு 8 மி.மீ. தூண் கணக்குப் போடுபவரிடம் இந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

உயரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 7.5 மீட்டர் என்பது ஓரத்து உயரம். பி.இ.பி. ஷெட்டில் தூணும் ராஃப்டரும் (கூரைச் சாய்வு உத்தரம்) சேரும் முழங்கை பருமனாக இருக்கும். அதற்குக் கீழே உங்களுக்கு 6.8 மீட்டர் மிஞ்சினால் அதிகம். கிரேனின் இரு முனைகளும் ஓடுவது அந்த முழங்கைக்குக் கீழேதான். டபுள் கர்டரில் கொக்கி அதிக உயரம் போகும் என்பது தலைக்கு மேல் தாராளமாக இடம் உள்ள ஷெட்டுக்குத்தான் பொருந்தும். பழைய 10 டன் கிரேன் தண்டவாளத்துக்கு மேல் இரண்டு மீட்டர் வரை எழுந்து நிற்கும். அதற்காகத் தண்டவாளத்தையே இறக்கினால், சிங்கிள் கர்டரில் கிடைக்கும் கொக்கி உயரத்தைவிடக் குறைவாகவே கிடைக்கும்.

125 சதவீத டெஸ்ட் பற்றி

புதிய கிரேனைக் கொடுக்கும்போது 25 சதவீதம் கூடுதலாக ஏற்றிப் பார்ப்பது வழக்கம்தான். அடியில் ஆள் இல்லாமல், மெதுவாக, பொறுப்பானவர் முன்னிலையில், கர்டர் நிரந்தரமாக வளைகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கச் செய்வது அது. வேலைக்கான அனுமதி ஆகாது. போர்டில் எழுதிய எடைக்கு மேல் சோதனை தவிர வேறு எதற்கும் தூக்கக் கூடாது என்பது சட்டம். அதைவிட, கணக்கைப் பாருங்கள்: 5 டன்னுக்கு 125 சதவீதம் 6.25 டன்தான். உங்கள் ஜாப் அந்தச் சோதனை எடையையே தாண்டுகிறது. அதோடு ஸ்ப்ரெடர் பீம் (ஜாப்பை இரு இடத்தில் பிடிக்கும் குறுக்குக் கட்டை), செயின், டி-ஷாக்கிள் (இணைப்பு வளையம்) எல்லாம் சேர்ந்தால் கொக்கியில் 6.9 டன் தொங்கும். கிரேனுக்கு ஜாப் எடை, தளவாட எடை என்ற பேதம் தெரியாது. 7.5 டன் என்று நான் சொன்னதற்கு இந்த 6.9தான் காரணம்.

எம்3 ஏன் வேண்டாம்? ஹாய்ஸ்ட் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் எம் வகை. உங்கள் 40 லிஃப்டில் ஒவ்வொன்றும் 3 மீட்டர் ஏறி 3 மீட்டர் இறங்குகிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் ஒன்றரை நிமிடம். 40 தடவைக்கு ஒரு மணி நேரம். இரண்டாவது ஷிஃப்ட் வந்தால் இரண்டு மணி. நடுத்தர பாரத்தில் தினம் 2 முதல் 4 மணி, கனமான பாரத்தில் 1 முதல் 2 மணி ஓடுவதற்கானது எம்5. எம்3 வாங்கினால் முதல் வருடம் எதுவும் தெரியாது. பிறகு மோட்டார் சூடு, பிரேக் லைனிங் தேய்வு, கியர் சத்தம் என்று வரிசையாக வரும். விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது கடைசித் தொகைக்கு முன் இந்த எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலான விலை வித்தியாசம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

ஆலைக் கிரேன் பற்றி

மச்சானிடம் முதலில் கேட்க வேண்டியது: ஆலையில் அது எங்கே ஓடியது? ஆலைக்கூடத்தில் ரோலர் மாற்ற மட்டும் நின்ற கிரேன் என்றால் பாதி ஆயுள்கூடக் கழிந்திருக்காது. கரும்பு யார்டில் லாரியிலிருந்து கட்டு இறக்கிய கிரேன் என்றால் ஒவ்வொரு அரவைப் பருவத்திலும் இரவு பகலாக ஓடியிருக்கும். பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

ஸ்பானை வெட்டுவதுதான் எனக்குப் பெரிய கவலை. பெட்டிக் கர்டரைச் செய்யும்போதே மேல்நோக்கி மெல்லிய கேம்பர் வளைவு கொடுத்திருப்பார்கள், பாரம் ஏறும்போது நேராகும்படி. நடுவில் வெட்டி ஒட்டினால் வளைவு விசை உச்சமாக இருக்கும் இடத்திலேயே புது வெல்டு விழும், கேம்பரும் போகும். முனையில் வெட்டினால் எண்ட் கேரேஜ் (சக்கரங்கள் உள்ள முனைச் சட்டம்) இணைப்பைப் புதிதாகச் செய்ய வேண்டும், நான்கு சக்கரமும் ஒரே மட்டத்திலும் சதுரத்திலும் வர வேண்டும். கொஞ்சம் கோணினாலும் கிரேன் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து சக்கர விளிம்பை அரைத்துவிடும். கணக்குத் தாளும், வெல்டுக்கு அல்ட்ராசானிக் சோதனையும் இல்லாமல் வெட்டிய கர்டருக்கு எந்தத் தகுதிபெற்ற பரிசோதகர் கையெழுத்துப் போடுவார்?

அதற்கு மேல் பழைய பாணி ஸ்லிப் ரிங் மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட் ரெசிஸ்டன்ஸ், பழைய பேனல் எல்லாம் மாற்ற வேண்டிவரும். கொக்கியின் வாய் முதலில் இருந்ததைவிட 5 சதவீதத்துக்கு மேல் விரிந்திருந்தாலோ, சுமை உட்காரும் இடத்தில் 10 சதவீதம் தேய்ந்திருந்தாலோ, முறுக்கு தெரிந்தாலோ கொக்கியே மாற வேண்டும். கொக்கியை வெல்டு வைத்து நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் கூட்டிய பிறகு பாதி விலை பாதியாக இருக்காது. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். திரும்ப வராவிட்டாலும் அந்தத் தொகையோடு நிற்பது லாபம். மச்சான் மனம் கோணாமல் இருக்க, மேலே உள்ள சக்கரச் சுமைக் கணக்கை அவரிடமே காட்டுங்கள். குறை கிரேனில் இல்லை, உங்கள் ஷெட்டுக்குத்தான் அது பொருந்தவில்லை.

ஆர்டரில் எழுத வேண்டியவை

விலை பேசி முடித்தபின் கேட்டால் ஒவ்வொன்றும் ‘எக்ஸ்ட்ரா’ ஆகும். ஆர்டரிலேயே எழுதுங்கள்:

- 7.5 டன், ஸ்பான் 13.5 மீட்டர், எம்5, ஐ.எஸ். 3177, ஐ.எஸ். 807 படி. அதிகபட்சச் சக்கரச் சுமை வரைபடத்தில் எண்ணாக இருக்க வேண்டும். அஸ்திவாரம் அந்த எண் வந்தபின்தான்.
- தூக்குவது, குறுக்கே ஓடுவது, நீளவாட்டில் ஓடுவது என்ற மூன்று இயக்கத்துக்கும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி). தூக்கும் வேகம் நிமிடத்துக்கு 4 மீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு மெதுவேகம். ஜாப்பை ஜிக்கில் உட்காரவைக்க இந்த மெதுவேகம்தான் கைகொடுக்கும். நீளவாட்டில் நிமிடத்துக்கு 20 முதல் 25 மீட்டர் போதும். பெண்டன்ட் பிடித்தவர் கூடவே நடக்க வேண்டும்.
- மேல் எல்லைக்கு இரண்டு லிமிட் சுவிட்ச்: டிரம் சுற்றை எண்ணும் ரோட்டரி ஒன்று, அது தவறினால் பிடிக்க, கொக்கிக் கட்டை தொட்டதும் துண்டிக்கும் கிராவிட்டி ஒன்று. கூடவே ஓவர்லோடு கட்-ஆஃப்.
- கொக்கி தரையைத் தொடும்போதும் டிரம்மில் குறைந்தது இரண்டு சுற்று ரோப் மிச்சம் இருக்க வேண்டும்.
- மின்சாரத்துக்கு உறையிட்ட பஸ்பார் (கிரேன் ஓடும் வழியெங்கும் மின்சாரம் தரும் பட்டை). திறந்த ஆங்கிள் கம்பி வேண்டாம். எர்த்துக்குத் தனி நான்காவது லைன். தண்டவாளத்தை எர்த்தாக நம்பக் கூடாது. ஒவ்வொரு லைனுக்கும் மின்சாரத்தைத் தொட்டு எடுக்கும் கலெக்டர் இரண்டு இருந்தால் ஒன்று துள்ளினாலும் டிரைவ் டிரிப் ஆகாது.

வி.எஃப்.டி.யைக் குறைத்து விலையை இறக்கலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். சாதாரண கான்டாக்டர் (மோட்டாரை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) பேனலில் இன்னொரு ஆபத்து உண்டு. மின்வாரியத்தார் டிரான்ஸ்ஃபார்மரில் வேலை பார்த்து இரண்டு ஃபேஸ் மாறிவிட்டால், மேல் பட்டனை அழுத்தினால் கொக்கி கீழே இறங்கும். அதுகூடப் பரவாயில்லை. கீழ் பட்டனை அழுத்தும்போது கொக்கி மேலே ஏறும். மேல் லிமிட் சுவிட்ச் ‘மேல்’ கான்டாக்டரைத்தானே துண்டிக்கும், ஓடுவதோ ‘கீழ்’ கான்டாக்டர். கொக்கிக் கட்டை டிரம்மில் மோதி ரோப் அறும். ஃபேஸ் வரிசை மாறினால் துண்டிக்கும் ரிலே சின்ன செலவு. பேனல் எதுவானாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஃபேப்ரிகேஷன் பட்டறையில் மட்டும் வரும் கோளாறுகள்

உங்களைப் போன்ற பட்டறைகளில் கிரேன் ரோப் போவதற்கு ஒரு காரணம் வேறெங்கும் அவ்வளவாகக் கிடையாது: வெல்டிங் கரண்ட். ஜாப் கொக்கியில் பாதி தொங்கிக்கொண்டிருக்கும்போதே டாக் வெல்டு (தற்காலிகப் புள்ளி வெல்டு) வைப்பார்கள். எர்த் கிளாம்ப் எங்கோ தூரத்து இரும்பு மேடையில் கிடக்கும். கரண்ட் ஜாப், செயின், கொக்கி, ரோப், கிரேன் உடல் என்று சுற்றிப் போய்த் திரும்பும். ரோப்பின் மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் பொறி விழுந்து கருகும். வெளியே கிரீஸ் மறைத்திருக்கும், உள்ளே கம்பி கடினமாகி முறிந்திருக்கும். எர்த் கிளாம்ப் ஜாப்பிலேயே, வெல்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். தொங்கும்போது வெல்டு வைத்தே ஆகவேண்டும் என்றால் செயினுக்குப் பதில் பாலியெஸ்டர் பெல்ட். அதையும் கூர்முனையிலிருந்தும் சூட்டிலிருந்தும் காக்க வேண்டும்.

அடுத்தது, பக்கவாட்டில் இழுப்பது. பக்கத்துத் தூண் இடைவெளியில் கிடக்கும் பிளேட்டைக் கொக்கியால் இழுத்தால் ரோப் கைடு உடையும், ரோப் பள்ளத்திலிருந்து தாண்டி ஒன்றின்மேல் ஒன்று சுற்றும். கொக்கி நேர் மேலே வந்தபின்தான் தூக்க வேண்டும். ஜாப்பைப் புரட்டும்போதும் கவனம்: சமநிலைப் புள்ளியைத் தாண்டியதும் ஜாப் தானே விழும், பிடித்து நிறுத்தும் அந்த நொடியில் ரோப்பில் வரும் இழுப்பு ஜாப் எடையைவிடக் கூடுதல். 4 டன் ஜாப்பை ஒரே கொக்கியில் புரட்டுவது உங்கள் வழக்கம் என்றால் புரட்டும் ஃபிக்ஸ்சர் ஒன்று செய்துகொள்ளுங்கள், அது உங்கள் கையிலேயே இருக்கும் வேலைதானே.

ஸ்லிங் கோணம் பற்றி ஒரே ஒரு எண். இரு கால் செயினின் கால்களுக்கு இடையே 90 டிகிரி என்றால் 5 டன் ஜாப்புக்கு ஒவ்வொரு காலிலும் 3.5 டன், 120 டிகிரிக்கு விரிந்தால் ஒவ்வொரு காலிலும் முழு 5 டன்.

சட்டமும் ஆளும்

தூக்கும் இயந்திரங்களுக்கான விதியை 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு வகுத்தது: 12 மாதத்துக்கு ஒரு முறையாவது தகுதிபெற்ற நபரின் முழுப் பரிசோதனை, அதற்குப் பதிவேடு, பாதுகாப்பான எடை கிரேனில் தெளிவாக எழுதப்பட்டிருப்பது. தண்டவாளத்தில் அல்லது அதன் அருகே, கிரேன் மோதக்கூடிய இடத்தில் ஆள் வேலை செய்தால் கிரேன் 6 மீட்டருக்குள் வராதபடி ஏற்பாடு வேண்டும். செயின், ரோப், ஷாக்கிள் ஆகியவற்றுக்கும் பரிசோதனை உண்டு; பலர் கிரேனைக் காட்டிவிட்டு இவற்றை மறந்துவிடுவார்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால், இப்போது எந்தப் படிவம் என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் யார் என்பதும் அங்கேயே தெரியும். கிரேனைப் பொருத்தியதும் முதல் லோடு டெஸ்ட் சான்று கைக்கு வரும்வரை விற்பவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

பையனிடம் பெண்டன்ட்டைக் கொடுப்பதில் தவறில்லை. அவர் 18 வயது நிரம்பியவராக, கண்பார்வை சரியாக, பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், அவர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பட்டனை அழுத்தலாம் என்ற நிலை வரக் கூடாது, சாவி அவரிடமே இருக்கட்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது பாரம் இல்லாமல் மேல் லிமிட்டை மெதுவேகத்தில் ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கனமான ஜாப் என்றால் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்தி, கொக்கி நழுவுகிறதா என்று பார்த்தபின்தான் மேலே. லிமிட் சுவிட்ச்சைத் தினசரி நிறுத்தும் பிரேக்காகப் பயன்படுத்துகிறார் என்று தெரிந்தால் அன்றே கண்டியுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஷெட் வரைபடத்தையும் அஸ்திவாரப் படத்தையும் தேடி எடுங்கள். ஷெட்டின் 14 தூண்களுக்கும் உள்முகத்திலிருந்து எதிர் உள்முகம் வரையிலான தூரத்தையும், முழங்கைக்குக் கீழுள்ள உயரத்தையும் டேப் வைத்து அளந்து ஒரே தாளில் எழுதுங்கள். வரைபடத்தில் 15 மீட்டர் என்றிருக்கும் இடம் நேரில் 40 மி.மீ. மாறியிருப்பது சகஜம், எதிரெதிர் தண்டவாளங்களுக்கு இடையே அனுமதி கூடக்குறைய 5 மி.மீ. அந்தத் தாளோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பாருங்கள். கிரேன்காரர்களை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.